நான்கு கிலோமீட்டர்தானே!

"நான்கு கிலோமீட்டர்தானே, அம்மா!" என்று சொன்னது நான்தான். போன வருடம் சொன்னது. எங்கள் வீட்டில் இன்றுவரை அதை யாரும் மறக்கவில்லை, மறக்க விடவும் இல்லை.

காட்டின் முகப்பில் இருந்த அறிவிப்புப் பலகை மூன்றே விவரம் சொன்னது. சுற்றுப்பாதையின் நீளம் 4.2 கி.மீ., ஆகும் நேரம் ஒரு மணி, தரம் எளிது. நான், அக்கா, அக்காவின் 8 வயது மகன், 69 வயது அம்மா. சாப்பிட்டுவிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, மூன்று மணிக்குத்தான் நடக்கத் தொடங்கினோம். ஒரு மணி நேரப் பாதைக்கு எதற்கு அவசரம்? மேடு ஏறி, மேட்டின் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் செங்குத்தாக இறங்கி, 3.4 கிலோமீட்டரில் ஓர் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தோம். வரைபடத்தில் அங்கே ஒரு மரப்பாலம் உண்டு. நேரில் இந்தக் கரையில் இரண்டு கட்டை, அந்தக் கரையில் இரண்டு கட்டை. நடுவில் தண்ணீர்.

மேலே எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும். ஓடை காவி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, அடி தெரியவில்லை. நான் எவ்வளவோ அசட்டுத்தனம் செய்திருக்கிறேன், ஆனால் அடி தெரியாத ஓட்டத்தில் ஒரு குழந்தையையும் முழங்கால் வலிக்காரியையும் இறக்கும் அளவுக்குப் போனதில்லை. எதிர்க்கரையில் பாதை தொடர்வது நன்றாகவே தெரிந்தது. அங்கிருந்து வண்டி நிறுத்திய இடம் 800 மீட்டர். வந்த வழியே திரும்பினால் 3.4 கிலோமீட்டர். அம்மா விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, வலது ஷூவைக் கழற்றி உதறினாள். உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, திரும்பு" என்றாள்.

ஆக மொத்தம் 6.8 கிலோமீட்டர். இறங்கிய செங்குத்தை மீண்டும் ஏறினோம். கடைசி அரை மணி நேரம் இருட்டில், 9 சதவீதம் சார்ஜ் இருந்த என் போனின் டார்ச் வெளிச்சத்தில். வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், நாங்கள் போகாத கிளையின் கம்பத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருந்தார்கள். பாலம் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கமாகப் போகிறவர்களுக்கு மட்டும்.

இந்த மாதம் அம்மாவே கேட்டாள். "அந்தக் காட்டுக்கு இன்னொரு தடவை போகலாமா?"

பாலம் புதிதாகப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. ஆனாலும் இந்த முறை நான் "தானே" சேர்த்துப் பேசுவதாக இல்லை. இரண்டு வாரமாக வரைபடமும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சின்னக் காட்டு நடைக்கு இவ்வளவு ஏற்பாடா என்று அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். போன தடவை பையனைக் கடைசி ஒரு கிலோமீட்டர் சுமந்தது அவள்தான்.

சுற்றுப்பாதை என்றாலே எனக்கு முதலில் செயற்கைக்கோள்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்துத் தமிழ் அப்படிப் பழக்கிவிட்டது. காட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான், நினைத்த இடத்தில் சுலபமாகத் திரும்பிவிட முடியாது. போய்த் திரும்பும் பாதையில் எந்த நிமிடமும் மனம் மாறலாம். திரும்பும் வழி இப்போதுதான் கடந்த வழி, அதில் புதிதாக ஒன்றும் காத்திருக்காது. சுற்றுப்பாதையில் பாதி தூரம் வரைதான் அந்தச் சௌகரியம். எங்கள் காட்டில் அது 2.1 கி.மீ. அதைத் தாண்டிவிட்டால் முன்னால் போவதுதான் கிட்டம், பின்னால் வருவது தூரம். எங்கே சுற்றியும் ரங்கனைச் சேவி என்று ஒரு நிம்மதி மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சேவிக்கப் போகும் வழியில் பாலம் இருக்கிறதா என்று பழமொழி சொல்வதில்லை.

தடங்கல் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. 800 மீட்டரில் பாலம் இல்லையென்றால் நஷ்டம் 800 மீட்டர். அதே பாலம் 3.4 கிலோமீட்டரில் இல்லையென்றால் நாங்கள் பட்ட பாடு. ஓடையும் ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். நாங்கள் புறப்பட்ட திசைதான் அதைப் பெரிதாக்கியது. அதனால் இந்த முறை நோட்டில் எழுதிய முதல் வரியே திசைதான்: இடச்சுற்று. சந்தேகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே தொடங்குவது. முகப்பில் இரண்டு கிளைகளின் கம்பங்களையும் போய்ப் படித்துவிட்டுத்தான் கிளம்புவது.

திசையை முடிவு செய்ய இன்னொரு காரணமும் கிடைத்தது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை முதல்முறையாக உட்கார்ந்து எண்ணினேன். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 10 மீட்டர் உயரம். முகப்பிலிருந்து உச்சி வரை ஒன்பது கோடுகள். வலச்சுற்றாகப் போனால் அந்த ஒன்பதும் இரண்டரைக் கிலோமீட்டரில் மெதுவாகப் பரவிக் கிடக்கின்றன. மறுபக்கம், உச்சியிலிருந்து ஓடைக்கு இறங்கும் இடத்தில், என் சுண்டுவிரல் நகத்துக்கு அடியில் எல்லாமே மறைந்துவிடுகின்றன. கோடுகள் அவ்வளவு நெருக்கம் என்றால் இறக்கம் அவ்வளவு செங்குத்து. ஓடையிலிருந்து முகப்பு வரையிலான 800 மீட்டரில் ஒரு கோடுகூடக் குறுக்கே இல்லை, கரையோரச் சமதளம். போன தடவை அம்மாவின் முழங்கால் ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் முனக ஆரம்பித்தது. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் மடங்கிய முழங்காலில் விழுகிறது. செங்குத்தை ஏறிவிட்டு மெதுவான சரிவில் இறங்குவது மூச்சுக்குக் கஷ்டம், மூட்டுக்குச் சுகம். மூச்சு வாங்கினால் நின்று வாங்கிக்கொள்ளலாம். மூட்டு அப்படி இல்லை. ஆக, இடச்சுற்றுக்கு இரண்டு ஓட்டு.

அடுத்தது "எளிது". இந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யாருக்கு எளிது? அமெரிக்காவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏற வேண்டிய உயரத்தை அடியில் எடுத்து இரண்டால் பெருக்கி, அதைத் தூரத்தின் மைல் எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 50க்குக் கீழே இருந்தால் மிக எளிய தரம். எங்கள் பாதையைப் போட்டுப் பார்த்தேன். 90 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 295 அடி, 4.2 கி.மீ. என்றால் 2.6 மைல். விடை 39. பலகை பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கணக்கில் தூரமும் உயரமும் மட்டும்தான் இருக்கின்றன. ஈரமான வேர் இல்லை, சேறு இல்லை, சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கல் இல்லை, 69 வயது இல்லை. அதே தூரத்தைத் திரும்பி நடக்க நேர்ந்தால் 39 என்ன ஆகும் என்பதும் இல்லை.

நேரக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி எழுதிவைத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் பாதைக்கு இதன்படி ஏறக்குறைய ஒரு மணி வருகிறது, பலகையில் இருந்தது அதே எண். ஆனால் நெய்ஸ்மித் யாரை மனதில் வைத்து எழுதினார் தெரியுமா? ஓரளவு நல்ல உடல் தகுதியுள்ள ஆண்களை. அவர் அதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். விதி மட்டும் ஊர் ஊராகப் போயிற்று, கூடவே எழுதிய அந்த நிபந்தனை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகள் இன்னும் நிதானமானவை. சமதளத்தில் மணிக்கு 4.2 கி.மீ. என்ற வேகத்தை அடிப்படையாக வைத்து நேரம் போடுகிறார்கள். ஆனால் அதிலும் ஓய்வு நேரம் சேராது. எங்கள் வீட்டு நடையில் ஓய்வு நேரம்தான் முக்கிய நிகழ்ச்சி.

ஆகவே அம்மாவின் வேகத்தை அம்மாவுக்குத் தெரியாமல் அளந்தேன். மைதானத்தில் 400 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது, மாலையில் அவள் அங்கே நடப்பாள். பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் நேரத்தைக் குறித்தேன். ஒரு சுற்றுக்கு 8 நிமிடம், அதாவது மணிக்கு 3 கி.மீ. அது மட்டமான தரையில், யாரோடும் பேசாமல் நடக்கும்போது. காட்டுத் தரைக்கும் பேச்சுக்கும் சேர்த்து மணிக்கு 2 கி.மீ. என்று வைத்துக்கொண்டேன். 4.2 கிலோமீட்டருக்கு இரண்டு மணியும் சில நிமிடங்களும். அதோடு உட்காருவதற்கு, தண்ணீர் குடிப்பதற்கு, பையன் ஒரு மரவட்டையைக் குனிந்து பார்த்து அது சுருண்டு மறுபடி விரியும்வரை நகர மறுப்பதற்கு என்று 50 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம். பலகை சொன்னதைப் போல மூன்று மடங்கு. போன தடவை நான் கூட்டிப் போனவர்களில் பலகையின் ஒரு மணிக்குப் பொருந்தக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவனை வைத்து நால்வருக்கும் திட்டம் போட்டிருக்கிறேன்.

காலை ஏழரைக்கு நடக்கத் தொடங்குவது என்று முடிவு. காட்டுக்குள் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். வெட்டவெளியில் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே மரங்களுக்கு அடியில் வேரும் நிழலும் ஒன்றாகிவிடுகின்றன. அன்று அம்மா ஒரு நிழலைத் தாண்டினாள், ஒரு வேரில் தடுக்கினாள். அடுத்த வேரிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்த இருட்டில் எங்களைக் காப்பாற்றியது பையனின் விளையாட்டு. மரங்களில் மஞ்சள் பெயின்டில் ஒரு பட்டை தீட்டியிருந்தார்கள். போகும்போதே யார் அடுத்த பட்டையை முதலில் பார்ப்பது என்று அவன் ஒரு போட்டி வைத்திருந்தான். நாங்கள் அலட்சியமாகத் தோற்றுக்கொண்டே வந்தோம். திரும்பும்போது எந்த வளைவுக்குப் பிறகு எந்த மரம் என்பது அவனுக்கு மனப்பாடம். களைத்துப்போய் அக்காவின் முதுகில் ஏறிக்கொண்ட பிறகும் "அந்தக் கோணல் மரத்துக்கு அந்தப் பக்கம்" என்று கை நீட்டிக்கொண்டே வந்தான்.

இப்படிப் பெயின்ட் அடித்துக் காட்டுக்குள் வழி காட்டியவர்களில் முன்னோடி ஒருவர் பிரான்சில் இருந்தார். கிளோத் பிரான்சுவா தெனெகூர், நெப்போலியன் காலத்துப் படைவீரர். பாரிசுக்குத் தெற்கே உள்ள ஃபோன்தென்புளோ காட்டில் 1842இல் நீல நிறக் குறிகள் இட்டு நடைபாதைகளை அமைத்தார். பெரும்பாலும் வேட்டைக்காரர்களும் விறகு வெட்டுகிறவர்களும் அறிந்திருந்த காட்டுக்குள் நகரத்துக்காரன் தனியாக நடந்துவிட்டு வெளியே வர முடிந்தது என்றால், அந்த நீலக் குறிகள்தான் காரணம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் குறி வெள்ளை. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்பப்போகிறது, கவனி என்று பொருள். ஒவ்வொரு காட்டிலும் நிறமும் முறையும் வேறு. முகப்பிலேயே அதைக் கேட்டோ படித்தோ தெரிந்துகொள்வதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

குறியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மானிய ஆய்வு நிலையம் ஒன்றைச் சேர்ந்த யான் சௌமனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். சமதளமான ஒரு பெரிய காட்டில் ஆறு பேரை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். வெயில் இருந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் சூரியனை மறைத்த நாளில் நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். அவர்களில் மூன்று பேர் தாங்கள் நடந்த தடத்தையே பலமுறை குறுக்கே கடந்தும் அது தெரியாமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஆக, நாம் தேர்ந்தெடுக்காவிட்டாலும் கால்கள் தாமாகவே ஒரு சுற்றுப்பாதையைப் போட்டுக்கொள்ளும். அந்தச் சுற்றுக்கு மட்டும் முகப்பு கிடையாது. ஐந்து நிமிடமாகக் குறி ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அடக்கி, கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புவது. நோட்டில் இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், இரண்டு கோடும் எனக்காக.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தாயிற்று, காட்டுக்குள் சிக்னல் கிடைத்தால் அது உபரி. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்யும். போன தடவை இது எனக்குத் தெரியாது, அந்த 9 சதவீதத்தின் கதை அதுதான். அடர்ந்த இலைகளுக்கு அடியில் ஜி.பி.எஸ். புள்ளி கொஞ்சம் தள்ளாடும். நாம் பாதையில் நின்றாலும் பக்கத்துப் புதரில் நிற்பதாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் இறங்காமல் இருந்தால் சரி. காகிதத்தில் ஒரு படி, தனியாக ஒரு டார்ச், ஒரு பவர் பேங்க். பகல் நடைக்கு எதற்கு டார்ச் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் பழகிய பட்டியல்தான், நீட்டவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர். ஒரு மெல்லிய மழைச்சட்டை. வெளியே இருக்கும் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் பேசுவோம் என்று சொல்லிவைப்பது. ஷூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அம்மாவின் பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் வரிகளே இல்லை, வழித்துவிட்ட சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது. புதிது வாங்கி மூன்று வாரமாக மைதானத்தில் போட்டுப் பழக்குகிறாள். புறப்படுவதற்கு முந்தைய நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து கட்டைவிரல் நகம் ஷூவின் முனையில் ஓயாமல் முட்டும். எனக்கு ஒரு நகம் அப்படிக் கறுத்து, மாதக் கணக்கில் கூடவே இருந்து, பிறகு பிரிந்து போயிருக்கிறது.

பையனுக்கு இரண்டே சட்டம். ஈர வேரின் மேல் கால் வைக்கக் கூடாது, தாண்டிப் போக வேண்டும். சேறு வந்தால் சுற்றிப் போகக் கூடாது, நடுவிலேயே மிதித்துப் போக வேண்டும். ஆளாளுக்கு ஓரமாக ஒதுங்கி நடந்தால் ஒற்றையடிப் பாதை வருடத்துக்கு வருடம் அகலமாகி ஓரத்துச் செடிகளெல்லாம் செத்துப்போகும் என்று விளக்கினேன். அவன் விளக்கத்தைக் கேட்கவில்லை. சேற்றில் மிதிக்கலாம் என்று ஒரு பெரியவர் வாயாலேயே சொல்லிவிட்டார்கள், அவனுக்கு அது போதும். வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்புற மடிப்பிலும் பார்ப்போம் என்றதும்தான் முகம் கொஞ்சம் மாறியது.

நேற்று இரவு எல்லாவற்றையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். திசை, நேரம், எங்கெங்கே உட்காருவது, ஓடையில் பாலம் சந்தேகமாக இருந்தால் யோசிக்காமல் திரும்பிவிடுவது, அப்படித் திரும்பினாலும் மொத்த நடை 1.6 கி.மீ.தான், மனம் நோகக் கூடாது என்பது வரை. சுண்டுவிரல் நகத்தை வரைபடத்தில் வைத்துச் செங்குத்தையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடை வரைக்கும் மேடு இல்லை, இல்லையா?"

"இல்லை. கரையோரமாகவே போகிறது."

"அன்றைக்கு நாம் பார்க்காதது அந்த 800 மீட்டர் மட்டும்தானே?"

"ஆமாம்."

"மீதியைத்தான் நான் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்த்துவிட்டேனே. எனக்கு அந்த 800 மீட்டர் போதும். நீங்கள் மூன்று பேரும் மேட்டில் ஏறிச் சுற்றிவிட்டு வாருங்கள். நான் ஓடை வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய் முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன்."

நான் நோட்டைப் பார்த்தேன். மூன்று மணி நேரம், ஐந்து உட்காரும் இடங்கள், இரண்டு கோடு போட்ட வரி. அம்மாவுக்காகப் போட்ட கணக்கில் அம்மாவே இல்லை. அக்கா சமையலறையிலிருந்து, "800 மீட்டர்தானே, நானும் அம்மாவோடு வந்துவிடுகிறேன்" என்று குரல் கொடுத்தாள்.